பூனைப் பாம்பியல்: மூலமும் உரையும்

பாயிரம்

உயிர்களை வகைபிரிப்பதில் தமிழர் யாருக்கும் இளைத்தவரல்லர். தொல்காப்பியத்து மரபியல் அறிவின் எண்ணிக்கையைக் கொண்டு உயிர்களை அடுக்கி, எறும்புக்கு மூன்று, நண்டுக்கு நான்கு என்று அளந்து கொடுத்துவிட்டது. பின்வந்தோர் மாட்டுக்குச் சுழி பார்த்தனர். பல்லிக்கு அது விழும் இடம் பார்த்தனர். மாப்பிள்ளைக்கு மச்சம் வரை பார்த்தனர். இத்தகைய மரபில் வந்தவர்கள், ஓட்டுச் சந்தில் ஒரு பாம்பைக் கண்டதும் மட்டும் எல்லா நூல்களையும் மூடிவைத்துவிட்டு, ‘நல்ல பாம்பு’, ‘மற்ற பாம்பு’ என்ற இரண்டே வகையோடு நின்றுவிடுகின்றனர். நல்ல பாம்பானால் கன்னத்தில் போட்டுக்கொண்டு அடிப்பர். மற்றதானால் போட்டுக்கொள்ளாமல் அடிப்பர். வகைபாட்டின் பயன் அவ்வளவே.

இக்குறை நீக்கப் புகுந்தது இந்நூல். பாயிரம் என்றால் எட்டுச் செய்தி சொல்லியாக வேண்டும் என்பது மரபாதலின், வேண்டியவற்றை மட்டும் சொல்லுவோம். நுதலிய பொருள்: பூனைப் பாம்பு. எல்லை: பாம்புக்கு மேற்கே ஈரான், துர்க்மெனிஸ்தான்; கிழக்கே வங்கதேசம்; வடக்கே நேபாளம்; தெற்கே இலங்கை. நூலுக்குக் கூரை முதல் திண்ணை வரை. யாப்பு: ஐந்து நூற்பா. தளை தட்டினால், பாம்பைக் கண்ட பதற்றத்தில் பாடியது என்று பொறுக்க. கேட்போர்: ‘பாம்பு!’ என்ற சத்தம் கேட்டு ஓடிவந்தோர். பயன்: அவ்வாறு ஓடிவந்தோர் பத்தடி தள்ளி நிற்பது. நூற்பா செய்தவரும் உரை எழுதியவரும் ஒருவரே. ஆயினும் உரையாசிரியர்களுக்கு உள்ள தொன்மையான உரிமைப்படி, நூலாசிரியரைச் சில இடங்களில் மறுத்திருக்கிறார்.

1. பல்லியல்

முன்பல் பின்பல் நச்சுப்பல் இன்மையென்று
அம்மூ வகைத்தே அரவின் பகுப்பே.

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், பாம்புகளைப் பல்லின் இருப்பிடம் நோக்கிப் பகுத்தல் நுதலிற்று.

முன்பல்லவை யாவையெனின், நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் முதலியன. இவற்றுக்கு நச்சுப்பல் மேல்தாடையின் முன்புறத்தில் இருக்கும். நச்சுப்பல் இல்லாதவை சாரை, நீர்க்கோலி, மண்ணுளி போல்வன. ‘நச்சுப்பல் இல்லை’ என்றதனால் கடிக்காது என்று கொள்ளற்க. நீர்க்கோலியைக் கையில் பிடித்துப் பார்த்தவர் அறிவர்.

இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பன பின்பல்லவை. பூனைப் பாம்பும், கண்கொத்தி என்று பழிசுமக்கும் பச்சைப் பாம்பும் இவ்வகை. மேல்தாடையின் கடைக்கோடியில், ஏறத்தாழக் கண்ணுக்கு நேர் கீழே, சற்றுப் பருத்த பற்கள் இருக்கும். அவற்றின் மேல் ஒரு வரிப்பள்ளம் ஓடும். நஞ்சு அந்தப் பள்ளத்தின் வழியே வழிந்து வரும். அதைச் சுரக்கும் சுரப்பிக்கு டுவெர்னுவா என்ற பிரெஞ்சு உடற்கூற்றறிஞரின் பெயர். விரியனின் நச்சுப்பையைப் பிழிந்து தள்ள வலுவான தசை உண்டு; இச்சுரப்பிக்கு அந்த வசதி இல்லை. ஆகவே கடித்தவுடன் விடாமல், கவ்விப் பிடித்து மென்றுகொண்டே இருந்தால்தான் நஞ்சு உள்ளே இறங்கும். முன்பல்லுக்கும் பின்பல்லுக்கும் உள்ள வேறுபாடு ஊசி போடுவதற்கும் தைலம் தேய்ப்பதற்கும் உள்ள வேறுபாடு.

அஃதேல், பின்பல்லவை யாவும் ஒரே குலமோ எனின், அற்றன்று. பல குலங்களில் பின்பல் உண்டு. அது செய்தொழில் அடையாளமே அன்றிப் பிறப்பு அடையாளம் அன்று. எளிதாக இருந்தமையால் பழைய அறிஞர் பல்லை வைத்துக் குலம் பிரித்தனர். பொருந்தாமையால் இன்றைய அறிஞர் கைவிட்டனர். நாம் கைவிடவில்லை. கைவிட்டால் முதல் நூற்பா போய்விடும்.

2. உறுப்பியல்

பூனைக் கண்ணும் புடைத்த தலையும்
மெலிந்த கழுத்தும் நெடுவால் உடைமையும்
கொண்டது பூனைப் பாம்பெனப் படுமே.

நூலாசிரியர் உறுப்பை மட்டும் சொல்லி அளவைச் சொல்லாது விட்டார், நாம் சொல்லுவோம். பெரும்பாலும் மூன்றடி நீளம். நான்கடியைத் தொட்டால் அது அக்குலத்தில் ஓங்கிய ஆள். பருமன் விரல் அளவு. நிறம் மணலோ பழுப்போ ஆகும். முதுகு நெடுக, கறுப்பு ஓரம் கட்டிய வெளிறிய கோணல் வரி. பகலில் மரப்பொந்து, பட்டை இடுக்கு, ஓட்டுச் சந்து, கீற்றுக் கூரை எங்காவது சுருண்டு தூங்கும். இருட்டியபின் எழுந்து பல்லி, ஓணான், சில நேரம் சிறு குருவி, சுண்டெலி என்று இரை தேடும். முட்டையிடும் இனம். கண்மணி பூனையினுடையதைப் போலச் செங்குத்துக் கீற்று. பெயர்க்காரணம் அதுவே, எலி பிடிக்கும் என்று வீட்டில் வளர்க்கக் கருதுவோர்க்கு உரை இடம் தராது.

இதற்கு அறிவியற்பெயர் போய்கா ட்ரைகொனேட்டா. 1802-இல் முதன்முதல் பெயர் கொடுத்தவர் யோகான் கோட்லோப் ஷ்னைடர் என்ற ஜெர்மானியர். அவர் விலங்கியல் மட்டும் அறிந்தவரல்லர். கிரேக்கமொழிப் பண்டிதர், பெரியதொரு கிரேக்க அகராதி செய்தவர். ஆகவே இப்பாம்பைக் குறித்து இலக்கண நடையில் நூல் செய்வதற்கு முன்னுதாரணம் உண்டு என்பது பெறப்பட்டது.

இனி, இந்தப் பாம்பின் ஊழ்வினை கூறப்படும். இதன் நிறமும் முதுகு வரியும் தலைக்குறியும் சுருட்டைவிரியனை ஒத்திருக்கின்றன. சுருட்டையோ நம் நாட்டில் உயிர்க்கொல்லிகள் என்று எண்ணப்படும் நால்வரில் ஒன்று. இரண்டையும் வேறுபடுத்தும் இலக்கணம் ஐந்து.

முதலாவது, செதில். சுருட்டையின் செதில்கள் நடுவரம்பு எழுந்து சொரசொரப்பானவை. பூனைப் பாம்பினவை வழவழப்பானவை. இரண்டாவது, ஓசை. சுருட்டை உடலை வளையமிட்டுச் செதிலோடு செதிலை உரசி, மரம் அறுப்பது போன்ற ஒலி எழுப்பும். பூனைப் பாம்புக்கு அக்கலை வராது. மூன்றாவது, உச்சந்தலை. சுருட்டைக்குத் தலை முழுதும் பொடிச் செதில். பூனைப் பாம்புக்குப் பெரிய தகடுகள். நான்காவது, உடல்வாகு. சுருட்டை குட்டைத் தடியன், கட்டைவால். மற்றது ஒல்லி, நெடுவால். ஐந்தாவது, வாலின் அடிப்புறம். பூனைப் பாம்புக்கு அங்கே இரட்டை வரிசைச் செதில், சுருட்டைக்கு ஒற்றை. ஐந்தாவது இலக்கணம் பிழைபடாதது. ஆயினும் பாம்பைத் திருப்பிப் போட்டுப் பார்க்க ஊரில் யாரும் முன்வந்திலர்.

கண்ணைப் பார்த்துத் தெளியலாம் என்பார் ஒருசாரார். இரண்டுக்கும் செங்குத்துக் கண்மணியே ஆதலின், அவர் கண்ணைத்தான் பரிசோதிக்க வேண்டும்.

மேலும் ஒரு கேடு. மிரண்டால் பூனைப் பாம்பு ஓடி ஒளிவதோடு நில்லாது. உடலைச் சுருட்டி, முன்பாதியை உயர்த்தி, வாலைப் படபடவென்று அடித்து, எட்டி எட்டிக் கொத்த வரும். தன்னிடம் இருப்பதைவிடப் பன்மடங்கு பயங்கரத்தைக் காட்டி, எதிரியை ஓடவைப்பது அதன் உத்தி. ஓடுகிற எதிரிக்கு இது பலிக்கும். ஓடிப்போய்க் கம்பு எடுத்து வருகிற எதிரிக்கு இது பலிக்காது.

3. நஞ்சியல்

பல்லிக்குக் கூற்றே, பல்லி அல்லார்க்கு
வீக்கமும் வெருட்சியும் விளையும் என்ப.

‘என்ப’ என்றதனால் இது நூலாசிரியர் தம் விரலில் சோதித்ததன்று என்பது போதரும்.

பூனைப் பாம்பு மனிதரைக் கடித்தால், பெரும்பாலும் கடிவாயில் சிறிது வலியும் வீக்கமும் தோன்றித் தாமே அடங்கும். வெருட்சி அடங்கச் சில மாதம் ஆகலாம். அது பாம்பின் நஞ்சில் சேராது.

நஞ்சு ஒருவனுக்குக் கூற்றாகவும் மற்றவனுக்கு வீக்கமாகவும் ஆவது எவ்வாறு எனின், விடை இதன் உறவினரிடம் கிடைத்தது. தென்கிழக்காசியச் சதுப்புநிலக் காடுகளில் வாழும் மஞ்சள் வளையப் பூனைப் பாம்பின் நஞ்சில் டென்மோடாக்சின் என்ற புரதம் கண்டெடுக்கப்பட்டது. பறவையின் நரம்பு தசையோடு சேரும் இடத்தில் அது போய் இறுகப் பற்றிக்கொள்ளும்; எலியிடம் அந்தப் பிடி மிகத் தளர்வு. பசிபிக் தீவுகளின் பழுப்பு மரப்பாம்பும் இதே குலம். அதன் நஞ்சிலும் பறவையையும் பல்லியையும் கொன்று, எலியை விட்டுவைக்கும் புரதம் உண்டு.

ஈண்டு ஆராயத்தக்கது ஒன்று. இறகுடையது வேறு, மயிருடையது வேறு என்பதைக் கண்ணும் காதும் இல்லாத ஒரு புரதம் பிரித்தறிகிறது. சுருட்டை வேறு, பூனை வேறு என்பதை ஆறறிவுடையவர் கையில் உள்ள கம்பு பிரித்தறிவதில்லை. வகைபாட்டு நூல் முதலில் யாருக்குத் தேவை என்பது இதனால் விளங்கும்.

அந்தப் பழுப்பு மரப்பாம்பால் குலத்துக்கே வந்த கெட்டபெயரையும் மறைக்கக் கூடாது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், சரக்கோடு சரக்காக அது குவாம் தீவில் போய் இறங்கிற்று. பாம்பை அறியாத காட்டுப் பறவைகள் கூட்டில் அமைதியாக அமர்ந்திருந்தன. தீவின் 12 பூர்விகக் காட்டுப் பறவை இனங்களில் 10 அங்கே அழிந்தன. மின்கம்பத்தில் ஏறி ஊருக்கே மின்வெட்டும் ஏற்படுத்திற்று. இவ்வளவு செய்த பாம்புக்குப் பகை எதுவெனின், பாராசிட்டமால். செத்த எலிக்குள் 80 மில்லிகிராம் வைத்து ஹெலிகாப்டரிலிருந்து காட்டுக்குள் போடுகின்றனர். விழுங்கிய பாம்பு மாள்கிறது. காய்ச்சல் என்று நாம் போட்டுக்கொள்ளும் 500 மில்லிகிராம் மாத்திரையில் அது ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. நஞ்சும் மருந்தும் உண்பவரைப் பொறுத்தன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

அஃதேல், பின்பல்லவை எல்லாம் இப்படிச் சாதுக்களோ எனின், அற்றன்று. 1957 செப்டம்பரில் சிகாகோ ஃபீல்டு அருங்காட்சியகத்துக்கு, இன்னதென்று அடையாளம் சொல்லும்படி, ஓர் ஆப்பிரிக்கப் பாம்புக்குட்டியை உயிர்க்காட்சிசாலையிலிருந்து அனுப்பினர். பார்த்தவர் கார்ல் பேட்டர்சன் ஷ்மிட், பாம்பியலில் உலகறிந்த புலவர். அது பூம்ஸ்லாங் என்ற பின்பல் பாம்பு போலவும் இருந்தது. ஒரு செதில் கணக்கு உதைக்கவும் செய்தது. அந்த ஐயத்தில் கையில் எடுத்தார், கட்டைவிரலில் கடித்துவிட்டது. குட்டிதானே, பின்பல்தானே என்று அவர் மருத்துவம் தேடவில்லை. தம் உடலில் நிகழ்வதை மணிவாரியாகக் குறித்துக்கொண்டார். மறுநாள் காலை என்ன உண்டார் என்பதையும் விடாமல் எழுதினார். அன்று மாலைக்குள் இறந்தார். 1975-இல் ஜெர்மானியப் பாம்பியலார் ராபர்ட் மெர்டென்ஸ், வளர்த்துவந்த ஆப்பிரிக்கக் குச்சிப்பாம்பு கடித்து மாண்டார். அதுவும் பின்பல்.

பின்பல் கடித்து இறந்தோரில் உலகறிந்த இருவரும் வகைபாட்டு வல்லுநர் என்பதைச் சிந்திக்க. ‘இந்த வகை இப்படித்தான்’ என்ற உறுதி, ஒன்றுமே அறியாதவன் கையில் கம்பாகிறது. எல்லாம் அறிந்தவனிடம் அசட்டையாகிறது.

4. கண்டோர் இயல்

அலறுநர் அடிக்குநர் படம்பிடிக் குநரே
பெயரிடு வோரே பின்னை அஞ்சுநர்
மந்திரிப் போரென அறுவகைப் படுமே
பாம்பைக் கண்ட மாந்தர் தொகுதி.

பாம்பை வகைபிரிக்கப் பலர் உளர். பாம்பின் பக்கம் நின்று பார்த்து மாந்தரை வகைபிரித்தார் இலர். ஆகலின் இவ்வியல் சற்று விரியும்.

அலறுநர் முதலில் வருவர். இவரிலும் நின்று அலறுவோர், ஓடி அலறுவோர், நாற்காலிமேல் ஏறி அலறுவோர் என மூவர். பூனைப் பாம்பு மரமேறும் இனம் என்பதை மூன்றாமவர் கருதிப் பார்த்திலர்.

அடிக்குநர் இரண்டாவதாக வருவர். ‘தலையில போடு, தலையில போடு’ என்பது இவர்க்குரிய மந்திரம். உச்சந்தலைத் தகடுதான் பாம்பை அடையாளம் காட்டும் உறுப்பு என்று மேலே சொன்னோம். அதையே முதலில் நசுக்கிவிடுவதால், இவர் தொழில் முடிந்தபின் எந்தப் பாம்பும் எந்தப் பாம்பாகவும் ஆகலாம். தாம் கொன்றது கொடிய விரியன் என்ற இவர் கூற்றை மறுக்கச் சாட்சி மிஞ்சாது.

படம்பிடிக்குநர் செல்பேசியோடு வருவர். கை நடுங்கி எடுத்த படமாதலின் பாம்பு இருக்குமிடம் வட்டமிட்டுக் காட்டப்படும். வாட்ஸ்ஆப்பில் மூன்று குழு தாண்டுவதற்குள் மூன்றடி ஆறடியாகும். நான்காம் குழுவில் ஊர் மாறும். ஐந்தாம் குழுவில் ‘உங்கள் குழந்தைகளைப் பாதுகாத்துக்கொள்ளுங்கள்’ என்பதோடு அது நம் வீட்டுக்கே திரும்பி வரும்.

பெயரிடுவோர் தெருவுக்கு ஒருவராவது இருப்பர். வழக்கு வருமாறு:

“என்ன பாம்புங்க பெரியப்பா?”

“சுருட்டைடா. கடிச்சா நின்ன எடத்துலயே சுருண்டுருவ.”

“நீளமா, ஒல்லியா இருக்குதுங்களே?”

“அப்ப இது வேற. சுருட்டையும் சாரையும் சேர்ந்தது. ரெண்டு மடங்கு விஷம்.”

இவர் எக்காலத்தும் ‘இது ஒன்றும் செய்யாது’ என்று சொல்லார். ஏன் எனின், ஒன்றும் செய்யாது என்று சொன்னவரைச் சுற்றிக் கூட்டம் நிற்காது.

பின்னை அஞ்சுநர், அடித்து முடித்தபின் அஞ்சுவோர். ஜோடி தேடி வரும், ஆளை மறக்காது, மூன்றாம் நாள் வாசலில் நிற்கும் என்பர். பாம்பு ஜோடி கட்டிக் குடும்பம் நடத்துவதில்லை. செத்ததற்குத் துக்கம் கேட்க வருவதுமில்லை. இவ்வச்சத்தில் நம்மை விஞ்சியது ஈழத்துத் தீவு. அங்கே சிங்களர் பூனைப் பாம்புகளை மாப்பிலா என்பர். அவை கூட்டமாகக் கூரைக்கு வந்து, ஒன்றன் வாலை ஒன்று பற்றிச் சங்கிலியாய்த் தொங்கி, கீழே உறங்குபவரின் இரத்தத்தைக் கடைசிப் பாம்பு குடிக்கும் என்பது அங்குள்ள பழங்கதை. உறங்குபவருக்கு நேர் மேலே சுவரில் ஒட்டியிருந்த பல்லிக்காகத்தான் பாம்பு வந்தது என்பதைப் பல்லியைக் கேட்டால் தெரியும்.

மந்திரிப்போர் ஆறாமவர், இந்நூலின் நாயகர் எனினும் தகும். மந்திரிப்பவரின் புகழுக்கு மூலதனம் பூனைப் பாம்பே. அது எவ்வாறு எனின், கடித்த பாம்பு இன்னதென்று தெரியாமல் பத்துப்பேர் அவரிடம் வருகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். அவருள் பலரைக் கடித்தது சாரையோ, நீர்க்கோலியோ, பூனைப் பாம்போ ஆகலாம். நச்சுப்பாம்பே கடித்திருந்தாலும் சில கடியில் நஞ்சு இறங்காமலே போவதுண்டு. இவரெல்லாம் வேப்பிலை அடித்தாலும் பிழைப்பர், அடிக்காவிட்டாலும் பிழைப்பர். அடித்தபடியால், வேப்பிலைக்குப் பெயர். மிளகாயைக் கொடுத்துக் காரம் தெரிகிறதா என்று கேட்பதும், வேப்பிலை கசக்கிறதா என்று கேட்பதும் இவர் பரிசோதனை. கசந்தால் விஷமில்லை என்பர். பிழைத்தவர் ஊரெல்லாம் சொல்வர். சுருட்டை கடித்து வந்தவரும் அந்தச் சொல்லை நம்பி இங்கே உட்கார்ந்திருப்பார். அவர் இழந்த நேரத்தைப் பற்றி யாரும் ஊரெல்லாம் சொல்வதில்லை. ஆக, பூனைப் பாம்பு தன் பல்லால் கொன்ற மனிதரைக் காட்ட முடியாது. அது தேடித்தந்த நற்பெயரோ பிறரைக் கொல்லும்.

ஏழாவது வகையும் உண்டோ எனின், உண்டு. நூற்பாவில் சேராதது, அவர் கூட்டத்தில் சேராமையால். அவர் இருளர். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978 முதல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. நால்வகைப் பாம்பையும் பிடித்து, நஞ்சு எடுத்து, மீண்டும் காட்டில் விடுகின்றனர். அந்த நஞ்சிலிருந்து நாட்டுக்கு விஷமுறிவு மருந்து பிறக்கிறது. 2023-இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இருவர் பத்மஸ்ரீ பெற்றனர். நஞ்சு எடுக்கும் நால்வரில் பூனைப் பாம்பு இல்லையாதலின், அதைப் பிடிப்பதில் இருளர்க்கு ஆதாயம் இல்லை. அடிப்பதில் வீரமும் இல்லை. ஆதாயமும் அச்சமும் நீங்கியபின் எஞ்சுவதே சரியான பார்வை. வகைபாட்டுக்கு அது ஒன்றே முதல் தகுதி.

5. புறனடை

கடித்தது யாதென வினவன் மின்னே;
வடித்த குருதி உறையினும் உறையாது
ஒழியினும் உரைக்கும் கண்ணாடிக் குழலே.

இச்சூத்திரத்தில் நூலாசிரியர் மேற்கூறிய நான்கு இயலையும் தாமே ஒதுக்கிவிடுகிறார். உரையாசிரியர் முதன்முறையாக உடன்படுகிறார்.

இந்நூலைக் கற்றவர், கடிபட்டவரிடம் சென்று ‘கவலை வேண்டாம், இது பூனைப் பாம்புதான், நெடுவால் பார்த்தேன்’ என்று ஆறுதல் சொல்லக் கூடும். சொல்லற்க. சுருட்டையோடு மயங்குவது இதன் இயல்பு என்றபின், மயக்கம் இருபக்கமும் நிகழும். கட்டு இறுக்காமல், கீறாமல், உறிஞ்சாமல், கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, உடனே மருத்துவமனைக்குச் செல்க. பாம்பை அடித்துப் பையில் போட்டு எடுத்துச் செல்லவும் வேண்டா. தலை நசுங்கிய சான்றின் மதிப்பை மேலே சொன்னோம். அதைப் பிடிக்கப் போய் இரண்டாவது ஆளும் கடிபடுவது உண்டு.

மருத்துவர் செய்வது வருமாறு. கடிபட்டவரின் இரத்தம் சிறிது எடுத்து, சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழலில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைப்பார். பிறகு சாய்த்துப் பார்ப்பார். உறையாமல் வழிந்தால் கண்ணாடிவிரியனோ சுருட்டைவிரியனோ ஒன்றன் நஞ்சு வேலை செய்கிறது என்று பொருள். உறைந்துவிட்டது என்றும் விட்டுவிடார். நாகமும் கட்டுவிரியனும் இரத்தத்தை விட்டு நரம்பைத் தாக்குவனவாதலின், இமை சரிகிறதா, மூச்சு தளர்கிறதா என்று பார்த்திருப்பார். குழல் பரிசோதனையையும் மறுபடி செய்வார். எந்தக் குறியும் தோன்றாவிட்டால் விஷமுறிவு மருந்து தரமாட்டார். குதிரையின் இரத்தத்திலிருந்து ஆக்கப்படும் அம்மருந்து சிலர் உடலுக்கு ஒவ்வாது. வேண்டாத இடத்தில் அதுவே ஆபத்து. பூனைப் பாம்பைச் சுருட்டை என்று பெயரிட்டு ஊசிக்கு அவசரப்படுத்துவோரை அவர் வெளியே நிறுத்துவது இதனாலாம்.

ஆகவே வகைபாட்டின் தலையாய விதி இருபது நிமிடம் எப்பெயரும் இடாமல் காத்திருத்தல். ஊர் முழுதும் தேடினும் அதைச் செய்யவல்லது அந்தக் குழல் ஒன்றே. உடன்வந்த பெரியப்பாவுக்கு இந்நூலின் பிரதியொன்று கொடுத்து, வெளியே உள்ள பெஞ்சில் உட்காரவைக்க.

பூனைப் பாம்பியல் மூலமும் உரையும் முற்றும்.